வீட்டில் வயிற்றுவழி டயாலிசிஸ்: நீர் வடியாதபோது செய்ய வேண்டியவை

(ஜமாஅத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவக் கூட்டம் என்றால் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கண் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் குறுகியது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸில், உள்ளே சென்ற நீர் வெளியே வடியாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே அது. யாரோ சிலருடைய கவலை என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. நீண்ட நாள் சர்க்கரை நோயும் கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயலிழப்பின் முதன்மையான காரணங்கள். இவ்விரண்டும் எட்டிப் பார்க்காத தெரு நம் மதுரையில் இல்லை.

இம்முறை எவ்வாறு செயல்படுகிறது?

நம் வயிற்றினுள் குடலையும் பிற உறுப்புகளையும் போர்த்தியபடி மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. இச்சவ்வில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. குளுக்கோஸ் கலந்த தூய நீரை வயிற்றறைக்குள் செலுத்திச் சில மணி நேரம் வைத்திருந்தால், இரத்தத்திலுள்ள கழிவுகளும் மிகுதியான நீரும் சவ்வின் வழியாக அந்நீரில் வந்து சேரும். பிறகு அதனை வடித்துவிட்டுப் புதிய நீரைச் செலுத்த வேண்டும். சவ்வே இங்கு வடிகட்டியாகப் பணியாற்றுகிறது.

1923-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கான்டர் என்ற மருத்துவர் இதனை மனிதரிடம் முதலில் முயன்று பார்த்தார். ஆயினும் வயிற்றில் நிலையாக வைத்திருக்கத்தக்க மென்மையான சிலிக்கான் குழாயை டென்காஃப் என்பவர் 1968-இல் அறிமுகப்படுத்திய பின்னரே இது நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. 1976-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் போபோவிச், மான்கிரீஃப் ஆகிய இருவரும், நோயாளி நடமாடிக்கொண்டே நாள்தோறும் செய்துகொள்ளும் முறையை வகுத்தனர். இன்று நாம் 'சிஏபிடி' என்று அழைப்பது இதனையே. இந்தியாவில் இது 1991-இல் தொடங்கியது. 2019-இல் மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் வயிற்றுவழி முறைக்கும் இடம் தரப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சிஏபிடி பைகளை நோயாளியின் இல்லத்திற்கே கொண்டு சேர்க்கும் பணியும் சேர்க்கப்பட்டது.

இதில் இரு வகைகள் உண்டு. முதலாவது, கையால் பை மாற்றுவது. பெரும்பாலும் 2 லிட்டர் பையை ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை மாற்றுவர். இரண்டாவது, 'சைக்ளர்' எனும் இயந்திரம் இரவு முழுவதும் தானே நீரை ஏற்றி, நிறுத்தி, வடிப்பது. இதற்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். நம் ஊரில் இஷாவிற்கும் ஃபஜ்ருக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் உள்ளது. இஷா தொழுது இயந்திரத்தில் இணைந்தவர் ஃபஜ்ர் வேளையை ஒட்டி விடுபட்டுவிடலாம். பகலில் கடைக்கும் செல்லலாம், பள்ளிக்கும் வரலாம்.

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ வாழும் ஒருவர் இரத்தவழி டயாலிசிஸிற்கு வாரம் மூன்று முறை மதுரைக்கு வந்து, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருந்து, களைப்புடன் பேருந்தில் திரும்ப வேண்டும். உடன் வருபவருக்கும் அன்றைய கூலி இல்லை. வயிற்றுவழி முறை அந்த அலைச்சலைத் தவிர்க்கிறது. ஆனால் மருத்துவமனையில் செவிலியர் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இங்கே வீட்டாரின் கைக்கு வந்துவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு இயந்திரம் ஒலி எழுப்பினால் எழுந்து பார்க்க வேண்டியவர் மனைவியோ மகனோ மருமகளோதான். அந்நேரத்தில் அவர்களுக்குத் துணை நிற்கும் அறிவைப் பகிர்வதே இவ்வுரையின் நோக்கம்.

வடிவது ஏன் அவ்வளவு முக்கியம்?

பலரும் நீர் உள்ளே செல்வதில்தான் கருத்தைச் செலுத்துகின்றனர். உள்ளே சென்றது முழுவதும் வெளிவந்ததா என்பதே அதைவிடப் பெரிய கேள்வி. 2 லிட்டர் நீர் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது நிமிடங்களில் வடிந்துவிடும். முதல் பத்து நிமிடங்களிலேயே பெரும்பகுதி வெளியேறி, எஞ்சியது மெதுவாக வரும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். உள்ளே 2000 மில்லி இருக்கிறது. 500 மில்லி மட்டுமே வடிந்து நின்றுவிட்டது. இயந்திரத்தின் ஒலியைப் பொறுக்காமல் யாரோ ஒருவர் அடுத்த கட்டத்திற்குத் தாண்டும் பொத்தானை அழுத்திவிடுகிறார். மேலும் 2000 மில்லி ஏறுகிறது. வயிற்றில் இப்போது 3500 மில்லி. அடுத்த முறையும் இதே போல் நடந்தால் 5000 மில்லி. சவ்வு இழுத்துக்கொண்டு வரும் நீர் இதில் சேரவில்லை. வயிறு விம்மும், மூச்சு முட்டும், வாந்தி வரும், இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்து நேரலாம். இதனைத் தடுக்கும் பொருட்டு இயந்திரத்தில் சில வரம்புகள் அமைக்கப்பட்டுள்ளன. ஒலி என்பது அந்த வரம்பின் குரல். அதனை அடக்குவதற்கு முன் அது எதற்காக ஒலிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒலி எழுந்தால் எங்கிருந்து தொடங்குவது?

இயந்திரம் பழுதாகிவிட்டது என்பதே பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் எண்ணம். இயந்திரம் பழுதாவதும் உண்டு. ஆயினும் வடியாமைக்குக் காரணம் பெரும்பாலும் குழாயிலோ, படுத்திருக்கும் நிலையிலோ, குடலிலோதான் இருக்கும். ஆகவே எளியதிலிருந்து கடினமானதை நோக்கி வரிசையாகச் செல்ல வேண்டும்.

முதலாவது, குழாய். வயிற்றிலிருந்து இயந்திரம் வரை, இயந்திரத்திலிருந்து வடிபை வரை விளக்கைப் போட்டுக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். கிளாம்ப் எதுவும் மூடியிருக்கிறதா? குழாய் மடிந்திருக்கிறதா? புரண்டு படுத்தவரின் இடுப்பின் கீழ் அமுங்கியிருக்கிறதா? கட்டில் காலிலோ கதவிடுக்கிலோ சிக்கியிருக்கிறதா? வேட்டி முடிச்சு, கைலி, பாவாடை நாடா ஆகியவை குழாய் வெளிவரும் இடத்தை இறுக்குகின்றனவா? இவற்றில் ஒன்றைச் சரி செய்தாலே பல இரவுகளில் நீர் ஓடத் தொடங்கிவிடும். பல இயந்திரங்களின் திரையில் 'செக் பேஷண்ட் லைன்' என்று வந்தால் நோயாளிக்கும் இயந்திரத்திற்கும் இடையிலுள்ள குழாயையும், 'செக் ட்ரெய்ன் லைன்' என்று வந்தால் இயந்திரத்திலிருந்து வெளியே செல்லும் வடிகுழாயையும் பார்க்க வேண்டும். ஆங்கிலம் அறியாத தாய்மார்கள் உள்ள வீடுகளில் இச்சொற்களையும் அவற்றின் பொருளையும் தமிழில் எழுதி இயந்திரத்தின் அருகே ஒட்டிவைப்பது நலம்.

இரண்டாவது, உயரம். நீர் பள்ளத்தை நோக்கியே ஓடும். வடிபை எப்போதும் வயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். நம்மில் பலர் பாயில் படுத்துப் பழகியவர்கள். தரையில் படுத்திருப்பவரின் வயிற்றுக்கும் தரையில் கிடக்கும் பைக்கும் இடையே என்ன தாழ்வு இருக்கிறது? கையால் பை மாற்றுபவர் நாற்காலியில் அமர்ந்து, தூய பாத்திரத்தில் பையைத் தரையில் வைத்து வடிக்க வேண்டும். இயந்திரம் வைத்திருப்பவருக்குக் கட்டில் அவசியம். இயந்திரத்தை எந்த உயரத்தில் வைக்குமாறு பயிற்சியில் சொன்னார்களோ அந்த உயரத்திலேயே அது இருக்க வேண்டும். வடிகுழாயைக் குளியலறைக்குக் கொண்டு செல்வோர், அது நிலைப்படியின் மேல் ஏறி இறங்காமலும் கதவு அதனை நசுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் நுனி தேங்கிய நீரில் மூழ்கியிருத்தல் கூடாது.

மூன்றாவது, உடலின் நிலை. படுத்திருப்பவரை மெல்லப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள். எழுந்து அமரச் செய்யுங்கள். இயலுமானால் கட்டிலருகே நிற்கட்டும். குழாயின் நுனி வயிற்றறையில் நீர் தேங்கியுள்ள இடத்திற்கு நகர இது உதவும். சிறுநீர் பிரியும் நிலையில் உள்ளவர்கள் சிறுநீர் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பையும் குழாயை அழுத்தும்.

நான்காவது, மலச்சிக்கல். இதனைச் சொல்லப் பலர் கூச்சப்படுகின்றனர். ஆனால் வடியாமைக்கு மிகப் பொதுவான காரணங்களில் இது முன்னிற்கிறது. குழாயின் நுனி இடுப்புக் குழியின் அடியில் இருக்க வேண்டும். மலம் கட்டிப் பருத்த குடல் அந்த நுனியை அழுத்தும், அல்லது இடத்தைவிட்டு மேலே தள்ளிவிடும். மலம் இளகி வெளியேறிய பின் குழாய் பல வேளைகளில் தானே பழைய இடத்திற்குத் திரும்பிவிடும். சிறுநீரக நோயாளிகள் உண்ணும் சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளாலும் மலச்சிக்கல் உண்டாகும். நோன்புக் காலத்தில் உணவு நேரம் மாறி, நீரும் காய்கறியும் குறைவதால் அது மிகும். நோன்பு நோற்பது குறித்து மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று. மலமிளக்கியைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். மக்னீசியம், பாஸ்பேட் சேர்ந்தவை சிறுநீரகம் செயலிழந்தவருக்குத் தீங்கு செய்யும். நாட்டு மருந்துச் சூரணங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்திருங்கள்.

ஐந்தாவது, வடிந்த நீரின் தோற்றம். தெளிந்த மஞ்சள் நிறமே இயல்பானது. பையின் பின்னே செய்தித்தாளை வைத்தால் எழுத்துகள் தெரிய வேண்டும். வெண்ணிற நூல் அல்லது நார் போன்றவை மிதந்தால் அது ஃபைப்ரின் எனும் புரதம்; குழாயின் துளைகளை அடைக்கக்கூடியது. இது மேலும் உருவாகாமல் தடுக்கப் பையில் ஹெப்பாரின் சேர்ப்பதுண்டு. மருத்துவர் சொன்னால் மட்டுமே, கற்றுத் தந்த முறையில் மட்டுமே அதனைச் செய்ய வேண்டும். நீர் சிவந்திருந்தால் தெரிவிக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்தில் சிறிது செந்நிறம் தோன்றக்கூடும். அதையும் கூச்சமின்றிச் சொல்லலாம். நீர் கலங்கியிருந்தால், அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அதைப் பற்றிச் சற்றுப் பின்னர் சொல்வோம்.

ஏறுகிறது, ஆனால் இறங்கவில்லை

மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போது ஒரு செய்தியை மறவாமல் சொல்ல வேண்டும்: நீர் ஏறுவதும் வடிவதும் இரண்டுமே தடைப்படுகின்றனவா, அல்லது நன்றாக ஏறி, வடிவதில் மட்டும் தடையா? இரண்டும் தடைப்பட்டால் குழாய் மடிந்திருக்கலாம், அல்லது உள்ளே அடைபட்டிருக்கலாம். ஏறுவது எளிதாகவும் வடிவது அரிதாகவும் இருந்தால் குடலோ, குடலின் முன்னே தொங்கும் கொழுப்புத் திரையோ குழாயின் துளைகளை மூடியிருக்கலாம். அல்லது நுனி இடம் மாறியிருக்கலாம்.

நம் ஊர்க் கண்மாய் மடையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மடையைத் திறந்தவுடன் நீரோட்டம் ஆகாயத்தாமரையை இழுத்து வந்து மடை வாயில் அப்பிவிடும். வெளியே பாய்வது குறைந்துபோகும். கண்மாய்க்குள் நீர் வந்து சேர்வதற்கோ அச்செடி தடையில்லை. வயிற்றினுள் நடப்பதும் இத்தகையதே. இதனை உறுதி செய்ய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மலமிளக்கியால் சரியாகாதபோது குழாயை இடம் திருத்தவோ, திரையை விலக்கவோ மருத்துவர் முடிவு செய்வார். இது வீட்டாரின் கையில் இல்லை.

குறைவாக வடிவது எல்லாமே அடைப்பு அன்று. சில வேளைகளில் நீர் தடையின்றி ஓடி முடிந்துவிடும். அளவு மட்டும் குறைந்திருக்கும். சவ்வு குளுக்கோஸை விரைவாக உறிஞ்சிவிட்டால் இவ்வாறு நேரும். வயிற்றுச் சுவரிலோ விதைப்பையிலோ வீக்கம் தோன்றினால் நீர் அங்கே கசிந்திருக்கலாம். கால் வீங்கி எடையும் கூடினால் மருத்துவர் 1.5, 2.5, 4.25 சதவீதப் பைகளில் எதனை மாற்றுவது என்று தீர்மானிப்பார். நாமாகவே கூடுதல் சதவீதப் பையைப் போடுவது தவறு. வடிந்து முடியும் தறுவாயில் மட்டும் அடிவயிற்றில் வலி எழுந்தால் அதனையும் தெரிவியுங்கள். ஒவ்வொரு முறையும் சிறிது நீரை உள்ளே விட்டுவைக்குமாறு இயந்திரத்தின் அமைப்பை அவர்கள் மாற்றித் தருவார்கள்.

செய்யக் கூடாதவை

காரணம் தெரியாமல் தாண்டும் பொத்தானை அழுத்தக் கூடாது. ஊசிக்குழலால் நீரை உறிஞ்சி இழுக்கக் கூடாது. அது குடலையே குழாயின் துளைக்குள் இழுக்கும். கம்பியையோ குச்சியையோ குழாயினுள் விடக் கூடாது. இயந்திரத்தின் எண்களை அண்டை வீட்டார் சொன்னபடி மாற்றக் கூடாது. ஒரு முறை கழற்றிய குழாய்த் தொகுதியை, விலை கருதி மீண்டும் மாட்டக் கூடாது.

இணைக்கும்போதும் கழற்றும்போதும் கதவு, சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிய வேண்டும். நெல்பேட்டையிலோ காஜிமார் தெருவிலோ உள்ள சிறு வீட்டில், சித்திரை வெயிலில், விசிறியை நிறுத்துவது கடினம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்தச் சில நிமிடப் புழுக்கம் கிருமித் தொற்றிலிருந்து காக்கும். இன்னொன்று: உளூச் செய்து வந்திருக்கிறோம், கை தூய்மையாகத்தான் இருக்கிறது என்று சிலர் எண்ணுகின்றனர். உளூ தொழுகைக்கு உரியது. குழாயைத் தொடும் முன் சோப்பிட்டு, விரலிடுக்குகள் வரை தேய்த்துக் கழுவி, தூய துணியால் ஈரமின்றித் துடைப்பது இதற்கு உரியது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

உடனே புறப்பட வேண்டிய நேரங்கள்

வடிநீர் கலங்கியிருந்தால், காய்ச்சலோ வயிற்று வலியோ உடன் இருந்தால், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். வயிற்றறைத் தொற்றுக்குத் தாமதம் கொடிய பகை. கலங்கிய நீருள்ள பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனைக்கு அது தேவைப்படும். வயிறு விம்மி மூச்சுத் திணறினால் புதிய நீர் ஏறுவதை உடனே நிறுத்தி, கற்றுத் தந்தபடி வடிக்க முயலுங்கள். அதே நேரத்தில் மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். மேலே சொன்ன ஐந்தையும் பார்த்த பின்னும் நீர் வடியவில்லை என்றால் அன்றைய சிகிச்சையை நிறுத்திவிட்டு டயாலிசிஸ் பிரிவைத் தொடர்புகொள்ள வேண்டும். அவ்வாறு நிறுத்துவது தோல்வி ஆகாது. அதுவே சரியான முடிவு.

மின்வெட்டு நேர்ந்தால் இயந்திரம் நின்று காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது இயந்திரத்திற்கு இயந்திரம் மாறுபடும். அதனைப் பயிற்சியின்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையால் பை மாற்றும் முறையையும் மறவாமல் பழகி வாருங்கள்.

ஜமாஅத்தின் கடமை

இறுதியாக, நம் அனைவருக்கும் உரிய சில வேண்டுகோள்கள்.

ஒவ்வொரு நோயாளியின் வீட்டிலும் ஒருவர் அல்ல, இருவர் பயிற்சி பெற வேண்டும். இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகளுக்கோ மகளுக்கோ காய்ச்சல் வந்தால் அடுத்தவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆண்கள் இதனைப் பெண்களின் வேலை என்று ஒதுங்குவது அழகன்று.

ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், ஏறிய அளவு, வடிந்த அளவு, நீரின் நிறம், உடல் எடை, மலம் கழிந்ததா என்பது — இந்த ஆறும் போதும். வடிவது சிறிது சிறிதாகக் குறைந்து வருவதை அந்தப் பக்கங்கள் முன்பே காட்டிவிடும்.

ஜமாஅத் இளைஞர்கள் தம் முஹல்லாவில் இச்சிகிச்சையில் இருப்போர் யார் என்பதை, அவர்களின் இசைவுடன், அறிந்து வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்ல ஒரு வாகனம், மின்வெட்டுக் காலத்தில் ஓர் இன்வெர்ட்டர், பைப்பெட்டிகளை மாடிக்குத் தூக்கிச் செல்ல இரு கைகள், தரையில் படுப்பவருக்கு ஒரு கட்டில் — இவை பெரிய செலவுகள் அல்ல. மருத்துவ உதவி என்றால் அறுவை சிகிச்சைக்குப் பணம் தருவது மட்டும்தான் என்ற எண்ணத்தை நாம் சற்று விரிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிகிச்சையைக் கைவிட்டோர் எல்லாரும் அது பயன் தராததால் கைவிட்டவர்கள் அல்லர். நள்ளிரவு ஒலிக்கு அஞ்சி, கேட்பதற்கு ஆள் இன்றிக் கைவிட்டோரும் உண்டு. மடிந்த ஒரு குழாயும், நான்கு நாள் மலச்சிக்கலும் ஒருவரை மீண்டும் வாரம் மூன்று நாள் பேருந்துப் பயணத்திற்குத் தள்ளிவிடலாகாது. குழாயைப் பார், உயரத்தைப் பார், திரும்பிப் படு, குடலைக் கவனி, நீரின் நிறத்தைப் பார். அப்போதும் வடியாவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரை அழை. இந்த வரிசையை நம் வீடுகளுக்கு எடுத்துச் செல்வோம்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் நலத்தையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் நல்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.